நியூ ஆல்பியனா, சியரா நெவாடாவா?

கலிபோர்னியாவின் இரண்டு சிறு பீர் ஆலைகள். இரண்டுமே பால் பண்ணைகள் கழித்துப்போட்ட பழைய சாமான்களைப் பற்றவைத்து எழுந்தவை. ஒன்று ஆறே ஆண்டில் மூடப்பட்டது. மற்றது இன்றும் காய்ச்சுகிறது.

ஜாக் மெக்காலிஃப் அமெரிக்கக் கடற்படை வேலையாக ஸ்காட்லாந்தில் இருந்தபோது அங்குள்ள ஏல் என்ற பீர் வகையின் சுவைக்குப் பழகியவர். நாடு திரும்பி, 1976-இல் சோனோமாவில் நியூ ஆல்பியனைத் தொடங்கினார். கோகோ கோலா பாகு வந்த பீப்பாய்களைக்கூட விட்டுவைக்காமல் ஆலைக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு தடவைக்கு ஒன்றரை பேரல், அதாவது சுமார் 175 லிட்டர்தான் காய்ச்ச முடிந்தது. எவ்வளவு உழைத்தாலும் அந்த அளவுக்கு மேல் விற்பதற்குச் சரக்கு இல்லை. 1982-இல் கதவடைத்தார்.

சியரா நெவாடாவை நிறுவியவர்களுள் ஒருவரான கென் கிராஸ்மன் அந்த ஆலையை நேரில் பார்த்தவர். 1980-இல் சிக்கோவில் சியரா நெவாடாவின் அடுப்பு எரியத் தொடங்கியபோது, கொள்ளளவு பத்து பேரல். பம்பளிமாஸ் மணக்கும் கேஸ்கேட் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ வகை) போட்ட ‘பேல் ஏல்’ என்ற வெளிர்நிற ஏல், மனதுக்குப் பிடித்தபடி வரும்வரை காய்ச்சியதையெல்லாம் கீழே கொட்டினார்.

நிலைத்தது சியரா. ஆனாலும் என் மனம் நியூ ஆல்பியன் பக்கம்தான்: ஒன்றரை பேரல் போதாது என்பதைத் தன் கைக்காசைப் போட்டுக் காட்டியது அதுதானே!