பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமா, மிச்சப்படுத்தினால் பணமா?

எங்கள் தோட்டத்துக் கிணறு அறுபது அடி. தாத்தா கமலை ஓட்டி இறைத்த கிணறு அது. இன்று ஐப்பசி மழை முடிந்து இரண்டு மாதத்தில் பாறை தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டவருக்கு மட்டும் தென்னைக்குத் தண்ணீர் ஏறுகிறது. இரண்டு தோட்டத்துக்கும் கரண்ட் இலவசம்தான்.

இந்த மானியம் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை. 1970-ல் மின்கட்டணப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003-ல் அதை மாற்றப் பார்த்த அரசு மறு வருடமே பழையபடி கொடுத்தது. ஆகவே மானியம் வேண்டுமா வேண்டாமா என்று பேசிப் பயனில்லை. எந்த வடிவில் கொடுப்பது என்று பார்ப்போம்.

முதலில், இப்போதுள்ள முழு இலவசம். மோட்டாரிலும் குழாயிலும் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம் நூறடி ஆழத்திலிருந்து சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை ஏற்றும். ஆயிரம் அடியிலிருந்து 600 லிட்டர்தான். அதாவது எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு மானியம் கூடுகிறது. போர் போடும் ரிக் வண்டிக்குப் பணம் கட்ட முடிந்தவர் அள்ளிக்கொள்கிறார். அவர் ஆழம் போகப் போக மேலே இருக்கும் கிணறு வற்றுகிறது. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே இல்லாததால், வயலுக்கு எவ்வளவு மின்சாரம் போனது, கம்பியில் எவ்வளவு வீணானது என்பதற்கு உத்தேசக் கணக்குதான். அந்தக் கணக்கை நம்பி அரசு மின்வாரியத்துக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் கொடுக்கிறது.

குஜராத் 2003 முதல் 2006-க்குள் வேறு வழியில் போனது. வீட்டு லைனையும் பம்புசெட் லைனையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஊருக்கு 24 மணி நேரமும் மின்சாரம், வயலுக்கு எட்டு மணி நேரம் தடையில்லாத மும்முனை மின்சாரம். எந்த நேரத்தில் வரும் என்று முன்பே தெரியும், மோட்டார் எரிவதும் குறைந்தது. உறிஞ்சுவதற்கு ஒரு மேல்வரம்பு வந்ததே பெரிய விஷயம். ஆனால் சொந்தக் கிணறு இல்லாமல் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்தவர்களுக்கு அது அடியாக விழுந்தது. விற்கிறவரிடம் உபரித் தண்ணீர் குறைந்து, விலை ஏறியது.

சோலார் பம்பு? மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டுத் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் மானியம் என்று அறிவித்தார்கள். மின்வாரியத்தின் சுமை குறையும். நிலத்தடி நீருக்கோ, மின்கம்பியோடு இணைக்காத சோலார் பம்பு இலவச மின்சாரத்தை விட ஆபத்தானது என்றே சொல்வேன். வெயில் இருக்கும் வரை மோட்டாரை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. அதற்கு மாற்று குஜராத்தின் தூண்டி கிராமத்தில் இருக்கிறது. அங்கே 2016-ல் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, மிஞ்சும் சோலார் மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றி விற்கத் தொடங்கினார்கள். தேவையில்லாமல் மோட்டாரை ஓட்டினால், விற்க வேண்டிய யூனிட் கையை விட்டுப் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பஞ்சாபில் 2018-ல் சோதித்துப் பார்த்த முறை. பம்பின் குதிரைத்திறனுக்கு ஏற்ப மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கினார்கள். அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகும். விருப்பப்பட்டவர் சேரலாம். அதிகமாக ஓடினாலும் பில் வராது. இரவெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்குவதற்குப் பதில் எழுந்துபோய் நிறுத்த அங்கே ஒரு காரணம் கிடைத்தது.

ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. குதிரைத்திறனை வைத்து ஒதுக்கினால் பெரிய மோட்டார் வைத்தவருக்கே பெரிய பங்கு போகும். இணைப்புக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே அளவாக ஒதுக்க வேண்டும். அப்புறம், மீட்டரைக் கண்டாலே "இன்னைக்கு மீட்டர், நாளைக்கு பில்" என்று ஊரில் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. முதல் ஆறு மாதப் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு மீட்டர் மாட்ட வரட்டும்.

தண்ணீரே இல்லாமல் மோட்டார் ஓட்டாதவருக்கு எதற்குப் பணம் என்று கேட்பார்கள். அவர் கிணற்றுத் தண்ணீர்தான் ஆயிரம் அடிக்குக் கீழே போயிருக்கிறது. முப்பது வருட இலவசத்தில் அவருக்குச் சேராத பங்கு அது.