ஆஃபர் ஓகே ஆன பிறகு எங்கள் ஏஜென்ட் எப்படி வேலை பார்த்தார்

டாலஸ் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்களிடம் ஏஜென்ட் பேச்சை எடுத்தால் வரும் முதல் கேள்வி, தன் கமிஷனிலிருந்து எவ்வளவு ரிபேட் திருப்பித் தருகிறார் என்பதுதான். அடுத்தது, சலிக்காமல் எத்தனை வீடு காட்டினார். கேட்கக் கூடாத கேள்விகள் இல்லை, ஆனால் வீடு தேடும் வேலையில் முக்கால்வாசியை இன்று ஃபோனை வைத்துக்கொண்டு நாமே முடித்துவிடுகிறோம்; வாங்குகிற கமிஷனுக்கு ஏஜென்ட் உழைக்கிறாரா என்பது, விற்பவர் நம் ஆஃபரில் கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்துதான் தெரியவரும். நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டால் கல்யாணம் முடிந்துவிட்டதா என்ன? அதனால் வீடு காட்டிய கதையை விட்டுவிட்டு, காண்ட்ராக்டிலிருந்து சாவி வரைக்கும் மட்டும் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. ஆள் நம்மூர்க்காரர், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர், அது போதும்.

ஆப்ஷன் பீரியடிலும் டைட்டில் பேப்பரிலும் பிரமாதம். லோன் பக்கம் சுமார். சாவி கைக்கு வந்த பிறகு ஆளையே காணோம்.

முதலில் பிரமாதம். டெக்சஸ் காண்ட்ராக்டில் ஆப்ஷன் ஃபீ என்று ஒன்று உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விற்பவருக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையைச் சில நாட்களுக்கு நாம் வாங்கிக்கொள்கிறோம், அந்த நாட்கள்தான் ஆப்ஷன் பீரியட். அந்தத் தொகையும் எர்னஸ்ட் மணி என்கிற அட்வான்ஸும், காண்ட்ராக்ட் நடைமுறைக்கு வந்து 3 நாளுக்குள், வில்லங்கம் பார்த்து நடுவில் பணத்தை வைத்திருக்கும் டைட்டில் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆப்ஷன் ஃபீ நேரத்துக்குப் போகவில்லை என்றால் விலகும் உரிமையே கிடையாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பணம் கட்டும் கெடு சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும், ஆனால் ஆப்ஷன் முடியும் நாள் ஞாயிறு என்றால் ஞாயிறு மாலை 5 மணிதான், ஒரு நிமிடம் கூடத் தள்ளாது. எங்கள் ஏஜென்ட் காண்ட்ராக்ட் வந்த அன்று இரவே எல்லாக் கெடுவையும் காலண்டரில் போட்டு எங்கள் இருவருக்கும் அனுப்பிவிட்டார். பணம் கட்டிய பிறகும் விடவில்லை, டைட்டில் கம்பெனியிடமிருந்து ரசீது வரும்வரை அவர்களைத் துளைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் இன்ஸ்பெக்ஷன். டெக்சஸில் இன்ஸ்பெக்டர்கள் மாநிலம் வகுத்த ஒரே படிவத்தில்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும், ஒவ்வொரு அம்சத்துக்கும் பக்கத்தில் நான்கு கட்டங்கள், அதில் 'டி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் குறைபாடு என்று அர்த்தம். முதல் தடவை வாங்குகிறவர் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தால் தலை சுற்றும். ஜன்னல் ஓரத்தில் சீலன்ட் உரிந்ததற்கும் ஒரு டிக், அஸ்திவாரத்தில் விரிசல் இருப்பதற்கும் அதே ஒரு டிக். என் மனைவி பாதியிலேயே "இந்த வீடே வேண்டாம்" என்று மூடி வைத்துவிட்டாள்.

ஏஜென்ட் எங்களை உட்கார வைத்து ரிப்போர்ட்டை முதலிலிருந்து படிக்கவில்லை. அஸ்திவாரம், கூரை, ஏசி, பைப், கரன்ட் என்று ஐந்தை மட்டும் தனியே பிரித்தார், மிச்சத்தையெல்லாம் ஒரு கோடு போட்டு அடித்தார். "கதவுப் பிடி ஆடுதுன்னெல்லாம் கேட்டீங்கன்னா, அதைச் சரி பண்ணிக் கொடுத்துட்டு பெரிய விஷயத்துல கையை விரிச்சிடுவாங்க" என்றார். டாலஸ் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், இங்கே அஸ்திவார விரிசல் சகஜம், ஆனால் எது சகஜம் எது ஆபத்து என்று இன்ஸ்பெக்டர் உறுதியாகச் சொல்ல மாட்டார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லித்தான் எழுதுவார். அதற்குள் ஆப்ஷன் முடிந்துவிடும் போலிருந்தது. நாங்கள் கேட்காமலேயே ஏஜென்ட் ஒரு திருத்தப் படிவம் தயார் செய்து, கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து ஆப்ஷனை நீட்டிக்க விற்பவரின் ஏஜென்டிடம் சம்மதம் வாங்கிவிட்டார். இன்ஜினியர் வந்து பார்த்து, தரைமட்ட வித்தியாசம் ஏற்கத்தக்க அளவில்தான் இருக்கிறது, மழைநீர் வடியும் சரிவைத்தான் சரி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டுதான் பேரமே.

பேரத்தில் அவர் சொன்ன ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விற்பவரே ரிப்பேர் செய்து தரட்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவர், வீட்டைக் காலி செய்யப் போகிறவர் இருப்பதிலேயே மலிவான ஆளைத்தான் கூப்பிடுவார், அதனால் க்ளோசிங், அதாவது கையெழுத்துப் போட்டு வாங்கி முடிக்கும் செலவில் கழித்துக்கொள்ளும்படி பணமாக வாங்குவோம் என்றார். ஆனால் அதையும் இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண லோனான கன்வென்ஷனல் லோனில் நாம் போடும் முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் விற்பவர் தரும் சலுகை வீட்டு விலையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 10 முதல் 25 சதவீதத்துக்குள் என்றால் 6, அதுவும் உண்மையான க்ளோசிங் செலவுக்கு மேல் ஒரு டாலர் கூட மிஞ்சிக் கைக்கு வராது. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் எண்ணையே எழுதினார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, கிடைத்தது எங்களுக்குப் போதுமானது.

கூரை பற்றி இன்னொன்று. இங்கே ஆலங்கட்டி மழைக்குப் பயந்து இன்ஷூரன்ஸ்காரர்கள் கூரையின் வயதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆப்ஷன் பீரியடுக்குள்ளேயே இன்ஷூரன்ஸ் விலை விசாரித்துவிடச் சொன்னார். பழைய கூரை என்றால் புதுசாகப் போடும் செலவைத் தராமல் தேய்மானம் கழித்துத் தரும் பாலிசி மாட்டிவிடும், அதையும் பார்த்துப் படிக்கச் சொன்னார். நிறையப் பேர் இதைக் கடைசி வாரத்தில்தான் செய்கிறார்கள், அப்போது விலையைப் பார்த்து அதிர்ந்தாலும் விலக வழியில்லை.

டைட்டில் விஷயம். டைட்டில் என்றால் சொத்துரிமை, அதற்கு இன்ஷூரன்ஸ் பாலிசி தருவதாக டைட்டில் கம்பெனியிடமிருந்து டைட்டில் கமிட்மென்ட் என்று ஒரு கட்டுப் பேப்பர் வரும், அதில் ஷெட்யூல் பி என்பது அந்தப் பாலிசி எதையெல்லாம் காப்பாற்றாது என்ற பட்டியல், ஷெட்யூல் சி என்பது க்ளோசிங்குக்கு முன் தீர்க்க வேண்டிய வில்லங்கம். யாரும் படிப்பதில்லை. இவர் படித்தார். விற்பவர் தன்னிடம் இருந்த பழைய சர்வேயைக் கொடுத்து, அதன் பிறகு எதுவும் மாறவில்லை என்று டி-47 உறுதிமொழியும் தருவதாக இருந்தார். ஏஜென்ட் சர்வே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போய் நின்றார். வரைபடத்தில் வெறும் புல்தரை, எதிரே பார்த்தால் தூண் வைத்துக் கட்டிய பெரிய பேஷியோ கூரை, அதன் ஒரு கால் பின்வேலியை ஒட்டிய யூட்டிலிட்டி ஈஸ்மென்ட் (கரன்ட் கம்பெனி மாதிரியானவர்களுக்குப் பயன்படுத்த உரிமையுள்ள நிலப்பட்டை) பக்கமாக. மாறவில்லை என்று எப்படி உறுதிமொழி தர முடியும்? சரியான உறுதிமொழி நேரத்துக்கு வரவில்லை என்றால் விற்பவர் செலவில் புது சர்வே எடுக்கலாம் என்று காண்ட்ராக்டிலேயே இருக்கிறது. அந்தப் பத்தியைக் காட்டியே எடுக்க வைத்தார். தூண் ஈஸ்மென்டுக்கு வெளியேதான் இருந்தது, நல்லவேளை. உள்ளே இருந்திருந்தால் நாளைக்குக் கரன்ட் கம்பெனிக்காரன் வந்து பிரித்துப் போடச் சொன்னால் பிரிக்க வேண்டியதுதான்.

இனி சுமார். லோனுக்குத் தனக்குப் பழக்கமான லெண்டரையே திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்தார். இன்னாரிடம்தான் போக வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் வேறு இடத்தில் கோட் வாங்கியபோது முகம் கொஞ்சம் சுருங்கியது. நாங்கள் வேறு இடத்துக்கே போனோம். அதன் பிறகு லோன் விஷயம் என்றால் "உங்க லெண்டரைக் கேளுங்க" என்பதோடு சரி. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணத்துக்கு, கடனில்லை அன்பளிப்புதான் என்று கிஃப்ட் லெட்டர், அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட், அனுப்பிய தடயம் எல்லாம் கேட்பார்கள் என்று, எத்தனையோ இந்தியக் குடும்பங்களுக்கு வீடு வாங்கிக் கொடுத்த ஒருவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? லோனைப் பரிசீலிக்கும் அண்டர்ரைட்டர் கேட்ட பிறகுதான், ஊரில் பேங்க் மூடியிருக்கும் நேரத்தில், அப்பாவை எழுப்பி ஓட வேண்டியிருந்தது. ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) பேப்பரும் தாமதம், அது மேனேஜ்மென்ட் கம்பெனியின் மந்தம் என்றாலும் இவருடைய உதவியாளர் ஒரே கேள்வியை எங்களிடம் மாற்றி மாற்றிக் கேட்டதற்கு யாரைக் குறை சொல்வது?

லெண்டருக்காக வீட்டை மதிப்பிடும் அப்ரைசல் சிக்கலில்லாமல் போனது, அதில் எழுத ஒன்றுமில்லை.

கிரகப்பிரவேச முகூர்த்தம் விஷயத்தில் மட்டும் அவரை மறுபடி பாராட்ட வேண்டும். க்ளோசிங் தேதிக்கு இரண்டாம் நாளே நல்ல முகூர்த்தம் என்று அம்மா ஊரில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல, நாங்கள் புரோகிதரையே பேசிவிடும் நிலைக்கு வந்துவிட்டோம். ஏஜென்ட் கறாராக, அடுத்த முகூர்த்தத்தைப் பாருங்கள் என்றார். காரணமும் சொன்னார். லோனின் இறுதிக் கணக்கைக் காட்டும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் நம் கைக்கு வந்து 3 வேலை நாள் கழிந்த பிறகுதான் கையெழுத்தே போட முடியும், 2015லிருந்து நாடு முழுக்க இதுதான் விதி. நடுவில் லோன் வகை மாறினாலோ வருட வட்டிக் கணக்கு வரம்பைத் தாண்டி நகர்ந்தாலோ அந்த 3 நாள் மறுபடி முதலிலிருந்து. போதாக்குறைக்கு, கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் வீடு நம்முடையது ஆகிவிடாது, லெண்டரின் பணம் டைட்டில் கம்பெனிக்கு வந்து, ஃபண்டிங் ஆனது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் சாவி. எங்களுக்கும் கையெழுத்துக்கும் சாவிக்கும் நடுவே மணிக்கணக்கில் காத்திருப்பு இருந்தது. அம்மாவுக்கு வருத்தம்தான், இருந்தாலும் அடுத்த முகூர்த்தத்தில் நிம்மதியாகப் பால் காய்ச்சினோம்.

பேங்க் வழியாகப் பணத்தை வயர் அனுப்புவது பற்றி அவர் கொடுத்த எச்சரிக்கையும் முக்கியம். டைட்டில் கம்பெனியிலிருந்து வருவது போலவே, கணக்கு எண் மாறிவிட்டது என்று மோசடி மெயில் வருமாம். மெயிலில் இருக்கும் நம்பரைக் கூப்பிடாமல், முதல் நாள் அவர்கள் கையில் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டுக் கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கச் சொன்னார். அனுப்பிய பணம் அப்படிப் போய்விட்டால் திரும்புவது குதிரைக்கொம்பு.

க்ளோசிங்குக்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் கடைசி வாக்-த்ரூவில் அவரே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, அடுப்பின் ஒவ்வொரு பர்னரையும் பற்றவைத்து, ஏசியை ஓடவிட்டுக் காத்திருந்தார். கேரேஜில் விற்பவர் விட்டுப்போன பழைய பெயின்ட் டப்பாக் குவியலை அன்று மாலைக்குள் எடுக்க வைத்தார். பெயின்ட் டப்பாவைக் குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

சாவி கொடுத்து, போட்டோ எடுத்து, சோஷியல் மீடியாவில் போட்டதோடு அவர் வேலை முடிந்தது. நாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் சொத்து வரிச் சலுகையான ஹோம்ஸ்டெட் எக்சம்ப்ஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி மெசேஜ் கூட வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். டெக்சஸில் சொத்து வரி எவ்வளவு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு படிவத்தில் வருடா வருடம் மிச்சமாவது கொஞ்ச நஞ்சமில்லை. கவுன்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். இதற்குக் காசு கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

புது வீடு, பில்டரிடம் நேராக வாங்குகிறீர்கள், லோனும் நேரான லோன் என்றால் இவர் அளவுக்கு ஆள் தேவையில்லை, ரிபேட் தரும் யாரிடமாவது போங்கள். பழைய வீடு, அதுவும் கொல்லைப்புறத்தில் யாரோ எதையோ கட்டி வைத்திருக்கும் வீடு என்றால் இவரிடம் போகலாம். 2024 ஆகஸ்டிலிருந்து, ஏஜென்டுகளின் பொது வீட்டுப் பட்டியலான எம்எல்எஸ்ஸில் இருக்கும் ஏஜென்ட் வீடு காட்டும் முன்பே அவர் கமிஷன் எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும், பேசிக் குறைக்க முடிந்தால் அந்த மேஜையிலேயே பேசிவிடுங்கள். ரிபேட் மட்டும் இவரிடம் கேட்காதீர்கள், நான் கேட்டுப் பார்த்தேன், காபி வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டார்.