கிரெடிட் ஸ்கோரா, என்சிடியா?

சிங்கப்பூரில் கார் காப்புறுதி எடுக்கப் போனால், என்சிடி (கிளைம் செய்யாமல் இருந்ததற்கான தள்ளுபடி) எவ்வளவு என்று கேட்பார்கள். கிளைம் இல்லாமல் 1 வருடம் ஓட்டினால் 10 விழுக்காடு தள்ளுபடி, 5 வருடத்தில் 50. நம் தவறால் ஒரு கிளைம் போனால் அந்த 50 சட்டென்று 20 ஆகிவிடும். கார்பார்க் தூணில் உரசியதைக் கைக்காசு போட்டே சரிசெய்துவிடலாமா என்று பலர் கணக்குப் போடுவது அதனால்தான்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கிரெடிட் ஸ்கோரையும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்ணையும், பார்க்கிறார்கள். கார்டு பில் கட்டத் தாமதமானால், காரில் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் காப்புறுதிச் சந்தா ஏறலாம். கடனில் தடுமாறுபவர்கள் அதிகம் கிளைம் செய்கிறார்களாம். கம்பெனிகளின் வாதம் அது. கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸில் இதற்கு அனுமதி இல்லை.

புதிதாக ஓட்டுபவருக்கு என்சிடி பூஜ்யம்தான், சரி. ஆனாலும் சந்தாவை முடிவுசெய்ய இரண்டில் எது நியாயம் என்றால், என் வாக்கு என்சிடிக்கே: ஓட்டும் விதத்துக்கு ஓரளவாவது சம்பந்தம் இருக்கிறதே.