‘விசிட்டுல போய் மாத்திக்கலாம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள்

துபாயில் ஏ.சி. டெக்னீசியன் வேலை, சம்பளம் 2,200 திர்ஹம், ஓ.டி. தனி, ரூமும் சாப்பாடும் கம்பெனி என்று சொல்லி திருச்சியில் ஒரு ஆபீஸ் என்னிடம் 1,20,000 ரூபாய் வாங்கியது. கையில் வந்தது 30 நாள் டூரிஸ்ட் விசா. ஆபீஸ் பெயரை இங்கே போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. போதாக்குறைக்கு, அவர்களே போர்டை மாற்றிவிட்டார்கள். நாளைக்கு வேறு பெயரில் வேறு தெருவில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வேலை செய்யும் விதம் மாறாது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முறையே இப்போது மாறிவிட்டது. எங்கள் அப்பா காலத்தில் பேப்பரில் விளம்பரம் வரும், சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ பம்பாய்க்கோ போவார்கள். இன்று ரீல்ஸில் வருகிறது. பின்னால் உயரமான கட்டடங்கள், முன்னால் ஹெல்மெட் போட்ட நம்ம ஊர்ப் பையன், ‘100 பேர் தேவை, உடனடி விசா, டிக்கெட் ஃப்ரீ’. கமெண்டில் நம்பர் போட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் குரூப்பில் தினமும் யாராவது ஒருவர் ‘விசா வந்திருச்சு, நன்றி அண்ணா’ என்று பாஸ்போர்ட்டோடு போட்டோ போடுவார். அதில் பாதி ஒரே ஆளின் போட்டோக்கள்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

டிரேட் டெஸ்ட் வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் ஹால். சுவரில் ஒரு ஸ்பிளிட் ஏ.சி.யின் இண்டோர் யூனிட் மாட்டியிருந்தது, அவுட்டோரே கிடையாது. காப்பர் பைப்பைக் கொடுத்து ஃபிளேர் பண்ணச் சொன்னார்கள், பண்ணினேன். கோட் போட்ட ஒருத்தர், கம்பெனி இன்ஜினியராம், போனைப் பார்த்துக்கொண்டே “வேக்கூம் எவ்வளவு நேரம் போடுவே?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பேப்பரில் டிக் அடித்துவிட்டார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆறு வருடம் மெக்கானிக்காக ஓடியவன் நான். எனக்குப் பின்னால் நின்ற பையன் கேஸ் சார்ஜிங்கே பார்த்ததில்லை என்றான். அவனும் செலக்டட்.

அன்றைக்கே 50,000. விசா வந்ததும் மீதி. மெடிக்கலுக்கென்று இதில் சேராமல் தனியாக வாங்கினார்கள். எல்லாமே ஜிபேயில், அதுவும் ஆபீஸ் கணக்குக்கு இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் இருந்த நம்பருக்கு. ரசீது கேட்டதற்குக் கையால் எழுதிய துண்டுச் சீட்டு, ‘டாகுமெண்ட் சார்ஜ்’ என்று மட்டும். கவனியுங்கள்: மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. அதற்கும் முறையான ரசீது தர வேண்டும். ஒருத்தன் லட்சத்தில் பேச ஆரம்பித்தாலே அவன் சட்டத்துக்கு வெளியே நின்று பேசுகிறான் என்று அர்த்தம்.

விசா காப்பி வாட்ஸ்அப்பில் வந்தது. டூரிஸ்ட் என்று தெளிவாகவே இருந்தது. போன் போட்டுக் கேட்டேன். “தம்பி, இப்ப எல்லாருக்கும் இப்படித்தான் வருது. இறங்கின உடனே கம்பெனி வேலை விசா ஸ்டாம்பிங் அடிச்சிடும். விசிட்டுல போய் மாத்திக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

முழு மோசடியும் இந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. விசிட்டில் போன ஒருவருக்கு வேலை விசா மாற்றிக் கொடுக்கும் கம்பெனிகள் அமீரகத்தில் இருக்கின்றன, அது உண்மை. அதனால்தான் இந்தப் பொய் செல்லுபடியாகிறது. ஆனால் விசா மாறும்வரை நீங்கள் இரண்டு நாட்டுக் கணக்கிலும் தொழிலாளி கிடையாது. சுற்றுலாப் பயணி. சம்பளம் தரவில்லை என்று அழுதாலும், எந்தச் சம்பளம் என்றுதான் கேட்பார்கள்.

இந்தியப் பக்கம் எப்படி நழுவுகிறார்கள் என்று பாருங்கள். பத்தாவது பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். அவர்கள் அமீரகம், சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். வேலை கொடுப்பவர் யார், ஒப்பந்தம் என்ன என்றெல்லாம் அங்கே பதிவாகும், காப்பீடும் எடுக்க வேண்டும். என்னைப் போலப் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கு அந்த முத்திரை இல்லை, அந்த வடிகட்டலும் இல்லை. படித்த பையனைத்தான் இந்த ஏஜென்ட்டுகள் தேடித் தேடி எடுக்கிறார்கள். படிப்புக்கு மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்!

கிளம்புவதற்கு முதல் நாள் ஆபீஸில் வகுப்பே எடுத்தார்கள். “இமிக்ரேஷன்ல கேட்டா வேலைன்னு வாயில வரக் கூடாது. சித்தப்பா இருக்காரு, சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லு. டூல்ஸ் எதுவும் பையில வைக்காதே.” ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், செலவுக்குப் பணம் எல்லாம் கேட்பார்கள் என்பதால் அதற்கும் தாள் தயாராக இருந்தது. நான் துபாயில் இறங்கிய அன்றே அந்த ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார்கள். உங்களை அனுப்புகிறவர் அதிகாரியிடம் பொய் சொல்லச் சொன்னால், அந்தப் பொய்க்குப் பிறகு பொறுப்பாளி நீங்கள்தான், அவர் இல்லை.

ஏர்போர்ட்டுக்கு வந்த டிரைவர் முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். போய்ச் சேர்ந்தது துபாயின் சோனாப்பூரில் தொழிலாளர்கள் தங்கும் ஒரு கேம்ப். ஆஃபர் லெட்டரில் இருந்த கம்பெனியின் பெயரே அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்களை எடுத்தது வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு சப்ளை கம்பெனி. காலையில் வேனில் ஏற்றி வில்லா வில்லாவாக ஏ.சி. சர்வீஸ், சாயங்காலம் ரூம். நாளைக்கு 40 திர்ஹம் என்றார்கள், மாசக் கடைசியில் தருவார்களாம். ஸ்டாம்பிங் எப்போது என்று கேட்டால் அடுத்த வாரம். ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் அங்கே ரொம்ப வருடமாக இருப்பவர். “தம்பி, இந்தக் கம்பெனிக்குக் கோட்டாவே இல்லப்பா. இவன் எவனுக்கும் விசா அடிக்க முடியாது. நாள் முடியறதுக்குள்ள ஊரைப் பார்த்துக் கிளம்பு” என்றார். விசா முடிந்து தங்கினால் நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். நாளெல்லாம் உழைத்தால் 40, சும்மா இருந்தாலே 50 கட்ட வேண்டும்.

அந்த நாட்டுச் சட்டம் தொழிலாளிக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021இன் 33ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது, நேராகவும் கூடாது, சுற்றிவளைத்தும் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. வேலை அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024 முதல் அபராதம் ஒரு லட்சம் திர்ஹமிலிருந்து பத்து லட்சம் வரை. அங்கே ஹோட்டல், கராஜ் நடத்தும் நம்மவர்கள் சிலர் ‘விசிட்டுல வந்த பையன், கொஞ்ச நாள் டிரையல் பார்ப்போம்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த அபராதம் கடையையே விற்க வைத்துவிடும்.

இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு ராமநாதபுரத்து அண்ணன் போனிலிருந்துதான் பேசினேன்; அமீரகத்துக்குள் 800 46342, கட்டணம் கிடையாது. அவர்கள் முதலில் கேட்டது அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர். என்னிடம் இருந்ததை அனுப்பினேன். அதில் இருந்த எண்ணே பொய். பாஸ்போர்ட்டைத் தராவிட்டால் நேரே போலீஸுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். அதைக் கேம்ப் பாஸிடம் அப்படியே சொன்னதும் அன்று ராத்திரியே பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சம்பளம் மட்டும் வரவில்லை. ஊரிலிருந்து தங்கச்சி வளையலை அடகு வைத்து டிக்கெட் போட்டாள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரண்டுதான், இரண்டையும் போனிலேயே பார்க்கலாம். இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது, பதிவில்லாதவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. ஏஜென்ட் சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நான் பணம் கட்டிய ஆபீஸ் சுவரில் இருந்தது வேறொரு கம்பெனியின் எண். தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன பெயர், என்ன முகவரி, லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘நாங்க சென்னை கம்பெனியோட சப் ஏஜென்ட்’ என்றால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை வாங்கியவர் ஒருத்தர், லைசென்ஸ் வைத்திருப்பவர் இன்னொருத்தர் என்றால் நாளைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆஃபர் லெட்டர். அமீரகத்துக்கு முறையாகப் போகிற வேலை என்றால் அந்த நாட்டு அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் வரும், நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை அனுமதி. அந்தப் படிவம் தமிழிலும் உண்டு, தமிழில்தான் வேண்டும் என்று கேளுங்கள். அதில் இருக்கும் எண்ணை அமைச்சகத்தின் தளத்தில் அடித்தால் உண்மையா பொய்யா தெரிந்துவிடும். கம்பெனி லெட்டர்பேடில் சீல் அடித்து வரும் கலர் பேப்பருக்கு அங்கே மதிப்பில்லை.

ஏஜென்ட்டே வேண்டாம் என்பவர்கள் கிண்டியில் இருக்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்து வைக்கலாம். 1978இலிருந்து இருக்கிறது. ரீல்ஸ் வேகத்துக்கு அங்கே விசா வராது, பொறுமை வேண்டும்.

எனக்கு ஒரு மாதத்தோடு முடிந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று இதேபோலப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் 13 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

ஊர் திரும்பியதும் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தேன். ஏமாற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 318(4) பிரிவு, பதிவில்லாமல் ஆள் அனுப்பியதற்குக் குடிபெயர்வுச் சட்டம். அந்தச் சட்டம் 1983இல் போட்டது. அதில் சிறை இரண்டு வருடம் வரை, அபராதம் இரண்டாயிரம் ரூபாய் வரை. ஒரு பையனிடம் மெடிக்கலுக்கு வாங்கும் காசே அதைவிட அதிகம். புகார் என்றதும் ஆபீஸ்காரர் 40,000 திருப்பித் தந்தார், மீதிக்கு செக் கொடுத்தார், செக் பவுன்ஸ். அதற்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

இதே மாதிரி திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கம் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் கிளம்பாதீர்கள், பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்குள் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்கள், ஜிபே எண்ட்ரிகளுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள், துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களின் வீட்டார் அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793க்குப் பேசலாம். புகார் தனித்தனியாகக் கொடுத்தால் ‘கொடுக்கல் வாங்கல்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் வழக்காகப் பதிவு செய்கிறார்கள். எங்களோடு சேர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.