மேசையா, பலகையா?

பல்கலைக்கழகத்தில் பெண்கள் படிக்க வந்த கதையைச் சொல்லும் இரண்டு நினைவுச் சின்னங்களில் எது மேல்? முதலாவது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஸ்டெர்லிங் நூலகத்துக்கு எதிரே பச்சைக் கருங்கல்லில் நீள்வட்டமாக ஒரு மேசை. கட்டடக் கலைஞர் மாயா லின் வடிவமைத்து 1993-இல் திறக்கப்பட்டது. நடுவிலிருந்து ஊறும் தண்ணீர் மேற்பரப்பெங்கும் பரவி விளிம்பில் வழிகிறது. தண்ணீருக்கு அடியில் சுருளாக எண்கள், அந்தந்த ஆண்டில் படித்த பெண்களின் எண்ணிக்கை. தொடக்கத்தில் பூஜ்யம், அடுத்தும் பூஜ்யம், அப்படியே வரிசையாகப் பூஜ்யங்கள். சுருளின் கடைசியில் 4823. இளங்கலைக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்ததே 1969-இல்தான்.

இரண்டாவது, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருப்பது ஒரு சின்ன நினைவுப் பலகை, 2015-இல் வைத்தது. 1869-இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த சோபியா ஜெக்ஸ்-பிளேக் முதலான ஏழு பெண்களுக்காக. 1870 நவம்பரில் உடற்கூறியல் தேர்வுக்குப் போன அவர்களைக் கூட்டம் மறித்துச் சேற்றை வாரி இறைத்தது. தேர்வு நடந்த அறைக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டார்கள்! அப்புறம் 1873-இல் நீதிமன்றமும் கைவிட, பட்டம் கிடைக்கவில்லை. 2019-இல்தான், எல்லாரும் இறந்த பிறகு, கௌரவப் பட்டம் கொடுத்தார்கள்.

கதை என்று பார்த்தால் எடின்பரோதான் கனம். ஆனால் பலகையை நின்று படித்தால்தான் உண்டு. அவசரத்தில் போகிறவர் கண்ணில் படாது. மேசைக்கு அந்தக் கவலை இல்லை. சும்மா கை நனைக்க வருகிறவரின் விரலுக்கடியிலும் அந்தப் பூஜ்யங்கள் தட்டுப்படும். என் ஓட்டு மேசைக்கே. ஒரே குறை, அதில் ஒரு பெண்ணின் பெயர்கூடக் கிடையாது.