எப்காட் உணவு விழாவுக்கு ‘மலிவு டிக்கெட்’ தருகிறோம் என்றால் கவனம்

முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் எப்காட் பூங்காவில், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை உணவு, ஒயின் விழா ஒன்று நடக்கும். அந்த விழாவுக்குள் போகத் தனி டிக்கெட் கிடையாது. பூங்கா டிக்கெட்தான் விழாவுக்கும் டிக்கெட். உள்ளே ஒவ்வொரு கடையிலும் தட்டுக்குத் தட்டு, கோப்பைக்குக் கோப்பை தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ‘விழா பாஸ், சாப்பாடும் பீரும் சேர்த்து’ என்று வெளியே எவராவது விற்றால், அவர் விற்பது வேறு எதையோ.

எங்களுக்கு விற்றது, டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில், 192ஆம் எண் சாலையோரம் இருக்கும் ஒரு ஓட்டலின் வரவேற்புக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆள். நான், மனைவி, அவள் தம்பி, தம்பி மனைவி என்று இரண்டு ஜோடியாகப் போயிருந்தோம். அறைச் சாவி வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரிலேயே அந்த மேசை. மேலே ‘விருந்தினர் சேவை’ என்ற பலகை, சட்டையில் பெயர்ப்பட்டை, கையில் பூங்கா வரைபடம். பார்க்கிற எவரும் ஓட்டல் ஊழியர் என்றுதான் நினைப்பார்கள். எங்களைப் பார்த்ததும் ‘நமஸ்தே’ வேறு. விழாவுக்கு வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும், டிக்கெட் ஒன்று 99 டாலர், கூடவே ஜோடிக்கு ஒன்றாக 50 டாலர் ஏற்றிய விழா அட்டை இலவசம் என்றார். வாசலில் வாங்கினால் ஒரு நாள் டிக்கெட்டே 150 டாலருக்கு மேல் போகும் பருவம் அது. பதிலுக்கு நாங்கள் செய்யவேண்டியதெல்லாம், மறுநாள் காலை பக்கத்து ரிசார்ட்டில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டு, 90 நிமிடம் சுற்றிப் பார்ப்பது. ஆளுக்கு முன்பணமாக ஒரு சிறு தொகையை அட்டையில் பிடித்துக்கொண்டார், வந்தால் திரும்பிவிடும் என்று. டிக்கெட் பணத்தை மட்டும் ரொக்கமாகக் கேட்டார்.

இது டைம்ஷேர் வியாபாரம். விடுமுறைக் குடியிருப்பு ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பல ஆயிரம் டாலருக்கு விற்பார்கள். அதற்குமேல் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு, அது ஏறிக்கொண்டே போகும். தொழில் சட்டபூர்வமானதுதான், பெரிய பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் புளோரிடா சட்டப்படி, பரிசு காட்டி ஆள் சேர்த்தால் அது டைம்ஷேர் விற்பதற்கான விளம்பரம் என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த ரசீதின் பின்பக்கம், மடிப்புக்குள், எறும்பு எழுத்தில் அது இருந்தது. மேசைக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குப் போனோம். வாசலிலேயே நால்வரின் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட்டை ‘நகல் எடுக்க’ என்று வாங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பித் தந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். யோசித்துப் பாருங்கள், உரிமம் அவர்கள் கையில் இருக்கும்போது எழுந்து காரை எடுத்துக்கொண்டு போக முடியுமா? இரண்டு ஜோடியையும் ஒரே மேசையில் உட்கார விடவில்லை. மச்சான் ஜோடியைக் கூடத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆறிப்போன முட்டைப் பொரியல், இரண்டு துண்டு முலாம்பழம், காபி. இதுதான் விருந்து.

எங்களுக்கு வாய்த்தவர் தாத்தா வயதுக்காரர், நல்ல பேச்சு. சொந்த ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டலில் தங்குகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். எதிரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு நேராகத் தெரியும்படி எண்களைத் தலைகீழாக எழுதும் பழக்கம் அவருக்கு. அதில் மட்டும் எனக்கு மரியாதை வந்தது. ஓட்டலுக்கு அழும் காசைக் கூட்டி இருபது வருஷத்தால் பெருக்கி, கடைசியில் 38,000 என்று ஒரு விலையை எழுதி வட்டம் போட்டார். வேண்டாம் என்றோம். முகம் மாறியது. ‘மேலாளர்’ வந்தார், 24,000 ஆனது. வேண்டாம் என்றோம். இடையிடையே கூடத்தில் மணி அடிக்கும், யாரோ ஒரு ஜோடி வாங்கிவிட்டார்கள் என்று எல்லோரும் கைதட்டுவார்கள். இன்று மட்டும்தான் இந்த விலை, நாளை வந்தால் கிடையாது என்பதை அவர்கள் சொன்ன விதத்தைப் பார்த்தால் நாளைக்கு உலகமே இருக்காது போல. மூன்றாவதாக, ‘கருத்து மட்டும் கேட்கிறோம்’ என்று ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் கருத்தெல்லாம் கேட்கவில்லை. ஒன்றரை வருஷச் சோதனைத் திட்டம் என்று இன்னொரு தாளை எடுத்தார். மச்சான் எழுந்து எங்கள் மேசைக்கே வந்துவிட்டான். “மாமா, இவங்ககிட்ட இனி பதிலே சொல்லாதீங்க, வேணாம்னு மட்டும் சொல்லிட்டு எழுந்திருங்க” என்றான். அப்படித்தான் எழுந்தோம். வெளியே வரும்போது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. அவர்கள் ஊரில் 90 நிமிடம் அவ்வளவு நீளம்.

இதுவரை நடந்தது பொழுதைத் தின்றது, அவ்வளவுதான். ஆர்லாண்டோவில் ஆயிரக்கணக்கானோருக்கு அன்றாடம் நடப்பது. உண்மையான மோசடி, எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர்கள் கையில் கொடுத்த டிக்கெட் உறைக்குள் இருந்தது.

உறையில் நான்கு பிளாஸ்டிக் டிக்கெட்டுகள், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் வளையம் கோத்த குட்டி அட்டைகள் இரண்டு. அந்த வளைய அட்டை உண்மையிலேயே விழாவில் விற்கும் பொருள்தான், பரிசு அட்டையின் சின்ன வடிவம். கடைகளில் அதை நீட்டினால் கழித்துக்கொள்வார்கள். பார்க்க எல்லாம் அசல், படமெல்லாம் சரி.

எப்காட் நுழைவாயிலில் டிக்கெட்டை வைக்கும் இடத்தில் மிக்கி வடிவ வட்டம் ஒன்று ஒளிரும். டிக்கெட்டைத் தொட்டு, விரலையும் பதிக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பச்சை. ஏதோ சிக்கல் என்றால் நீலம். எனக்குப் பச்சை, மச்சானுக்குப் பச்சை. மனைவிக்கு நீலம். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், மறுபடி நீலம். மச்சான் மனைவிக்கும் நீலம். கையில் டேப்லெட்டோடு வந்த ஊழியர் பார்த்துவிட்டு, இந்த இரண்டு டிக்கெட்டிலும் ஏற்கெனவே வேறு யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள், அவர்கள் விரல்தான் பதிவாகியிருக்கிறது என்றார். அதாவது, பல நாள் டிக்கெட் வாங்கி இரண்டு நாள் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர்களிடம் மிச்ச நாளை அள்ளிவந்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். டிஸ்னி டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. புளோரிடாவில் பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை விற்பதே குற்றம், அதற்கென்றே சட்டம் இருக்கிறது. விருந்தினர் உதவி மையத்தில் பொறுமையாகக் கேட்டார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். ஆனால் டிக்கெட் கொடுக்க வழியில்லை, அது நியாயமும்கூட. இரண்டு டிக்கெட் வாசல் விலைக்கு வாங்கி உள்ளே போனோம்.

மணி மூன்றரை. உள்ளே ஒரு குளத்தைச் சுற்றி மெக்சிகோவில் தொடங்கி கனடா வரை பதினோரு நாடுகளின் கட்டடங்கள். சுற்றிவர ஏறக்குறைய 2 கிலோமீட்டர். விழாக் காலத்தில் அந்தப் பாதை நெடுக, இல்லாத நாடுகளுக்கும் சேர்த்துச் சின்னச் சின்னக் கடைகள் முளைக்கும். பிரேசில் கடையில் பாலாடைக்கட்டி போட்ட குட்டி ரொட்டி, அயர்லாந்துக் கடை, கிரேக்கக் கடை என்று போய்க்கொண்டே இருக்கும். சில ஆண்டுகள் இந்தியாவுக்கும் கடை போட்டு, பூக்கோசும் கொண்டைக்கடலையும் போட்ட ‘மெட்ராஸ் ரெட் கறி’ என்று ஒன்றை விற்றிருக்கிறார்கள். மெட்ராஸில் எந்த வீட்டில் அப்படி ஒரு கறி வைக்கிறார்கள் என்பது தனி விசாரணை.

நாங்கள் நேராக கனடா கடை வரிசையில் நின்றோம். அங்கே செடார் பாலாடைக்கட்டி சூப் பேர்போனது. கெட்டியாக, பீர் வாசத்தோடு, தொட்டுக்கொள்ள உப்புத் தூவிய மெதுரொட்டி. சைவக்காரர்கள் கவனிக்க, அதில் பன்றிக்கறி உண்டு. சூப், மாட்டிறைச்சித் துண்டு, 6 அவுன்ஸ் பீர் இரண்டு. வளைய அட்டையை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் இருமுறை தேய்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் “இதில் ஒன்றுமில்லை சார்” என்றார். மச்சானின் அட்டையும் அதேதான், பூஜ்யம். அட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், இரகசிய எண்ணை மறைக்கும் வெள்ளிப் பட்டை மேல் இன்னொரு பட்டை ஒட்டியிருந்தது. நகத்தால் தள்ளினால் மேல்பட்டை ஸ்டிக்கர் போல் உரிந்து வந்தது, அடியில் ஏற்கெனவே சுரண்டப்பட்ட எண். யாரோ எண்ணைப் பார்த்துப் பணத்தை எடுத்துவிட்டு, மறுபடி மூடி வைத்திருக்கிறார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சொந்த அட்டையில் கட்டிவிட்டு, ஒரு குப்பைத்தொட்டியின் மேல்தட்டில் வைத்து நால்வரும் அந்தச் சூப்பைக் குடித்தோம். சூப் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, கோபத்திலும் நன்றாக இருந்தது.

இரவு அந்த மேசைக்குப் போனால் ஆள் இல்லை, பலகையும் இல்லை. ஓட்டல்காரர்கள், அந்த இடத்தை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை என்று கையை விரித்தார்கள். ரிசார்ட்டைக் கூப்பிட்டால், டிக்கெட் கொடுப்பது வேறு நிறுவனம் என்றார்கள். மூன்றாவது நிறுவனத்தின் எண் அடித்துக்கொண்டே இருந்தது. அட்டையில் பிடித்த முன்பணத்தைக் கடன் அட்டை நிறுவனத்தில் தகராறு போட்டு வாங்கிவிட்டோம். கணக்கு விவரம் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் விசாரித்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ரொக்கமாகக் கொடுத்தது இதுவரை வரவில்லை. ரொக்கம் ஏன் கேட்டார் என்பது அப்போது புரிந்தது. புளோரிடாவில் நுகர்வோர் புகார்களை வாங்கும் வேளாண்மை, நுகர்வோர் சேவைத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். ஆமாம், அந்த ஊரில் வேளாண்மைத் துறைதான் இதையும் பார்க்கிறது.

டிக்கெட்டை வெளியே வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டிஸ்னி அங்கீகரித்த விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தள்ளுபடி உண்டு. ஆனால் அது கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பல நாள் டிக்கெட்டுகளில். பாதி விலை என்றாலே சந்தேகப்படுங்கள். யாரிடம் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் டிஸ்னியின் செயலியைத் திறந்து டிக்கெட் எண்ணை உங்கள் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். சேரவில்லை என்றாலோ, சேர்க்க விடாமல் விற்பவர் இழுத்தடித்தாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். வளைய அட்டை வேண்டுமென்றால் பூங்காவுக்குள் போய் நீங்களே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு: தட்டு ஒன்று பெரும்பாலும் 5 முதல் 10 டாலர், மூன்று நான்கு வாயில் தீர்ந்துவிடும். இரண்டு பேர் கொஞ்சம் பீரோடு சாப்பிட்டால் 100 டாலர் சாதாரணமாகப் போகும். வார இறுதியில் உள்ளூர்க்காரர்கள் குவிந்துவிடுவார்கள், திங்கள் முதல் வியாழன் பரவாயில்லை. மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், நரைத்த தலைக்கும் அடையாளம் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், போனில் இருக்கும் படம் செல்லாது.

கடைசியாக, அந்த மணி அடிக்கும் கூடத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு. புளோரிடாவில் டைம்ஷேர் ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். கையெழுத்திட்ட நாள், அல்லது கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இதில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாள். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று உங்களிடம் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. தொலைபேசியில் சொல்லாதீர்கள், பேசிப் பேசியே நாளைக் கடத்திவிடுவார்கள். ரத்துக் கடிதம் அனுப்பவேண்டிய முகவரி ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தபால் முத்திரையில் இருக்கும் தேதிதான் கணக்கு.