கார்புரேட்டர்: கழுவலாமா, மாற்றலாமா?

அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்) மெதுவாக ஓடும்போது நன்றாக ஓடுகிறது, திராட்டிலைத் திருகினால் மட்டும் திணறுகிறது. கழற்றும் முன் ஒரு சோதனை: திணறும் நேரத்தில் பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை அமுக்குங்கள். வேகம் பிடித்தால் கோளாறு பெரும்பாலும் ஹோஸிலோ பெட்ரோல் பம்பிலோதான். கார்புரேட்டரைத் தொட வேண்டாம். எஞ்சின் சுற்று ஏறியும் படகு நகரவில்லையா? பெரும்பாலும் புரொப்பல்லரின் உள் ரப்பர் வழுக்குகிறது. சோக்கை லேசாக இழுத்ததும் தெளிந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட் பெரும்பாலும் அடைத்திருக்கும். இனித்தான் இந்தக் கேள்வி.

செலவு: கழுவ கிளீனரும் கேஸ்கெட்டும் போதும். புதியது பல மடங்கு.

உழைப்பு: கழுவ அரை நாள் பொறுமை வேண்டும். ஜெட் துளையில் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும். நானும் ஒருமுறை கம்பி விட்டேன், அப்புறம் புது ஜெட் வாங்கினேன். புதியதை மாட்டுவது சுலபம், ஆனால் மாடல் எண் பொருந்த வேண்டும்.

ஆயுள்: இங்கேதான் உப்புத் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைத் திறந்து விரலால் தடவுங்கள். பழைய பெட்ரோலின் பிசின் மட்டும் என்றால் கழுவினால் போதும். வெள்ளைப் பொடியும் சொறிசொறியாய்க் குழிகளும் என்றால், இன்று கழுவினாலும் சீக்கிரமே திரும்ப அடைக்கும்.

ஆற்றில், ஏரியில் ஓட்டுபவர் கழுவட்டும். தினமும் கடலுக்குப் போகிறவர், குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுவதே மேல். நடுக்கடலில் திணறினால் கரைக்கு யார் இழுப்பது?